பன்னிரண்டாவது தாள்

எங்கள் கணினி வட்டத்தில் கற்றுக்கொடுக்க நிற்பவர்களுக்கு நான்கு விதிகள் இருந்தன. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். "இது ரொம்பச் சுலபம்" என்று சொல்லவே கூடாது. ஒரே கேள்வியைப் பத்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்டதுபோலப் பதில் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்பவர் தன் கடிதத்தைத் திறந்துவிட்டால் நாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் அஸ்தம்பட்டி மாடிக் கூடத்தைக் காலி செய்து கொடுத்தோம். உறுப்பினர்கள் குறைந்து குறைந்து கடைசியில் நானும் இரண்டு பெரியவர்களும்தான் மிஞ்சியிருந்தோம். எனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. நாற்காலிகளை நூலகத்துக்கு எடுத்துப்போக இரண்டு பெண்கள் வந்தார்கள். சனிக்கிழமைகளில் அங்கே வயதானவர்களுக்குக் கைபேசி சொல்லிக்கொடுக்கிறவர்கள். பழைய விதிகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றை அப்போதே எழுதிவிட்டேன். நான்காவதை எழுத முடியவில்லை. அதை எழுதினால் சரோஜா அம்மாவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும் படித்தவன். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எட்டு வருடம் பில் அடித்தேன். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். சேலத்தில் வட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர் தேவை என்று தெரிந்து வந்தபோது, வட்டத்தை நடத்திவந்த ரத்தினசபாபதி சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு என்னென்ன தெரியாது?" நான் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் நிறுத்தி, "நாளைக்கு வந்துருங்க" என்றார்.

சார் தொலைபேசித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைக்கை வெள்ளைச் சட்டை. கூடத்துக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பக்கத்தில் ஒரு மணி இருக்கும், பழைய ஆபீஸ் மேசைகளில் உச்சியைத் தட்டினால் ஒலிக்குமே, அது. கற்றுக்கொடுக்கிற யாருடைய கையாவது மவுசை நோக்கிப் போனால் அதை ஒரு தட்டு தட்டுவார். தலையை நிமிர்த்த மாட்டார். திட்டவும் மாட்டார்.

முதல் வாரம் அந்த மணி எனக்காகத்தான் அதிகம் ஒலித்தது. கூச்சக்காரனுக்கு வாயால் சொல்வதைவிடக் கையால் செய்துவிடுவது எளிது. சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்க செஞ்சு காட்டுனா உங்க கைக்குத்தான் தெரியும் மாணிக்கம். அது ஏற்கெனவே உங்க கைக்குத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து என் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இன்றைக்கும் கடையில் சாமான் வாங்க நின்றால்கூட அப்படித்தான் நிற்கிறேன்.

புதிதாக வருகிறவர்களிடம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று சார் கேட்க மாட்டார். "யாருக்கு எழுதப் போறீங்க?" என்று கேட்பார். கடிதம் எழுத ஆள் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பது அவர் எண்ணம். நான்காவது விதியும் அவர் பழைய வேலையிலிருந்து வந்ததுதான். லைன் போட்டுக் கொடுத்ததும் ஆபரேட்டர் காதிலிருப்பதைக் கழற்றிவிட வேண்டுமாம். காதில் விழுந்தாலும் அது நம்முடையது இல்லை என்பார். எனக்கு எல்லா விதிகளிலும் இதுதான் பிடித்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பழக்கமான வேலை.

விதி இல்லாமல் வழக்கமாக இருந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் எழுதி அனுப்பும் முதல் மின்னஞ்சலை அச்செடுத்து, மாடிப்படி முடியும் இடத்தில் இருந்த பலகையில் நான்கு குண்டூசி குத்தி மாட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறி வந்ததும் எல்லோரும் கை தட்டுவோம். பெரும்பாலும் "வட்டத்தாருக்கு வணக்கம், நான் நலம், மழை இல்லை" என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் எழுபது வயதில் ஒருவர் தன் பெயரை அச்சில் பார்த்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்காக நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும் கடிதம் போகாது. போனதா இல்லையா என்று புதியவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் கணக்கு திறக்கும்போதே, கடிதத்தில் நகல் போகும் கட்டத்தில் வட்டத்தின் முகவரி தானாக வந்து உட்காரும்படி வைத்துவிடுவேன். அவர்கள் யாருக்கு எழுதினாலும் ஒரு நகல் எங்களுக்கு வரும். மூன்று நான்கு கடிதம் தவறில்லாமல் போனபிறகு அதை எடுத்துவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்திருக்கும் நகல்களை மொத்தமாக அச்செடுப்பேன். கணக்குகளுக்குப் பெயர் கிடையாது, உறுப்பினர் எண்தான். நான் எதையும் படிக்க மாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சரோஜா அம்மா கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டின் முன்னறையில் பிளவுஸ் பிட்டும் சேலைக்கு ஃபால்ஸும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், ஐம்பதைத் தாண்டியவர். சார் வழக்கமான கேள்வியைக் கேட்டதும், "எம் புள்ளைக்குங்க. சூரத்துல கட்டிக் குடுத்திருக்கறனுங்க" என்றார்.

போன் பேசலாமே என்று பக்கத்திலிருந்த யாரோ கேட்டார்கள். சரோஜா அம்மா அவரைப் பார்த்துவிட்டு, "பேசறமுங்க. நாங்க ரெண்டு பேரு பேசறத நாலு பேரு கேக்கறாங்க" என்றார். மருமகன் வீட்டில் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பெண்ணிடம் கொடுப்பார்களாம். மகள் சுமதி கணவனின் நூல் கடையில் கணக்கு எழுதுகிறாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் அவள் கையில் இருக்கிறது. அது ஒன்றுதான் வழி.

மூன்று மாதம் வந்தார். ஞாயிறு எல்லோரோடும், வியாழன் காலை தனியாக. விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி ஒட்டியிருந்தோம். ஒவ்வொரு எழுத்தையும் ஆள்காட்டி விரலால் தேடித் தேடி அழுத்துவார். ற கிடைக்காமல் ஒருநாள் கால் மணி நேரம் தேடினார். நான் கையைக் கட்டிக்கொண்டு "மேல் வரிசைங்கம்மா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "இதுக்கு நாலு சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சிருப்பேன் போங்க" என்றார்.

என் கூச்சத்தைக் கிண்டல் செய்த ஒரே உறுப்பினர் அவர்தான். கடிதம் எழுதிப் பழகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "ஏனுங்க தம்பி, தெனமும் அப்படிப் பாக்கறீங்களே, எதுத்த ஊட்டு மாடில யாருங்க நிக்கறது?" என்பார். எதிர் மாடியில் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருந்தது.

எல்லோரையும்போல வட்டத்துக்கு ஒரு மாதிரிக் கடிதம் எழுதச் சொன்னால் மறுத்துவிடுவார். மொதக் கடுதாசி எம் புள்ளைக்குத்தான் என்பார். ஆடி நெருங்க நெருங்க அவசரம் கூடியது. ஒரு வியாழக்கிழமை, கூடத்தில் வேறு யாரும் இல்லாதபோது சொன்னார். போன ஆடிப் பண்டிகைக்கு வந்திருந்தபோது சுமதியை வலது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. கேட்டால் சளி என்றாள். சளியில் ஒரு காது மட்டும் கேட்காமல் போகாது, அது அடி விழுந்த காது. சுமதியின் அப்பாவிடம் சொன்னால் அனுசரித்துப் போகச் சொல்வார். அதனால் அவருக்கும் தெரியக் கூடாது.

"இந்த ஆடிக்கு வந்தா திருப்பி அனுப்பறதா இல்லைங்க தம்பி. அத அவ அங்கிருந்து கெளம்பறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும். சர்டிபிகேட்டு, பாப்பாவோட பொறப்புச் சான்று எல்லாம் எடுத்துட்டு வரணுமில்ல."

அடுத்த வியாழன் அந்தக் கடிதத்தை எழுதினார். ஒன்றரை மணி நேரம். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்து எங்கே என்று கேட்டால் சொன்னேன். அனுப்புவதற்கு முன் விரலை மவுசில் வைத்துக்கொண்டு, "இது வேற யாருக்கும் போவாதுங்களே?" என்று கேட்டார்.

"உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் மட்டுந்தானுங்கம்மா" என்றேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். பார்த்திருந்தால் நகல் கட்டத்தில் எங்கள் முகவரி இருந்தது கண்ணில் பட்டிருக்கும். அதை மூன்று மாதத்துக்கு முன் நான்தான் வைத்தேன். பொய் சொல்லவில்லை. மறந்துபோயிருந்தேன். வட்டத்தையும் ஓர் ஆளாக எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் ஒரு மகளிர் குழுவிலிருந்து பதினோரு பேர் ஒன்றாக வந்து முதல் கடிதம் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்திருந்தவற்றை மொத்தமாக அச்சுக்குக் கொடுத்தேன். தாள்களை எண்ணினால் பன்னிரண்டு இருந்தன. எங்கள் பிரிண்டர் அவ்வப்போது ஒரே தாளை இரண்டு தடவை அடித்துவிடும். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எது இரட்டை என்று தெரிய வேண்டுமானால் படிக்க வேண்டும். படிப்பதில்லை என்பது விதி. பன்னிரண்டையும் அப்படியே வைத்துவிட்டு, ஞாயிறு காலையில் போய், மூலைகளை மட்டும் பார்த்து, தாளுக்கு நான்கு குண்டூசி குத்தினேன்.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகளிர் குழுவினர் தங்கள் பெயர்களைத் தேடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பலகையின் ஓர் ஓரத்தில் மட்டும் சிரிப்பு இல்லாமல் இருந்தது. நான் உள்ளே கம்ப்யூட்டர்களைப் போட்டுக்கொண்டிருந்ததால் அது என் காதில் உறைக்கவில்லை. அந்த ஓரத்தில் நின்றவர்களில் நடராஜன் என்கிற நூல் வியாபாரியும் ஒருவர். குமாரபாளையத்துக்காரர், பில் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர். சரோஜா அம்மாவின் மருமகனுக்கு அவர் சித்தப்பா முறை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பத்து மணி பஸ்ஸில் சரோஜா அம்மா வந்தார். மகளின் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். படியேறித் தலை தெரிந்ததும் மகளிர் குழுப் பெண்களில் பாதிப் பேர் கை தட்டினார்கள். அவர்கள் படிக்கவில்லை. அம்மாவின் பெயர் அடியில் இருப்பதை மட்டும் பார்த்திருந்தார்கள். படித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கைதட்டல் சத்தம் கேட்டு நானும் வெளியே வந்து தட்டினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். நானும் தட்டினேன்.

அவர் பலகையைப் பார்த்தார். அருகில் போய்க் குண்டூசிகளை ஒவ்வொன்றாக, தாள் கிழியாமல் எடுத்தார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னிடம் வந்து நான்கு குண்டூசிகளையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். கம்ப்யூட்டர் பக்கம் அவர் வரவே இல்லை.

சார் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நானும் படிக்கல" என்றார். கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அன்று வகுப்பு நடக்கவில்லை.

நடராஜன் கீழே இறங்கியதும் சூரத்துக்குப் போன் செய்திருந்தார். மறுநாள் அவரே வந்து என்னிடம் சொன்னார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. ரெண்டு குடும்பமும் நல்லா இருக்கோணும்னுதான் சொன்னேன். பெரியவங்க உக்காந்து பேசுனா முடிஞ்சுரும்." அவர் அதை நம்பித்தான் சொன்னார். யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஞாயிறு சாயங்காலமே மருமகன் சரோஜா அம்மா வீட்டுக்குப் போன் செய்து, இந்த ஆடிக்குச் சுமதியை அனுப்ப முடியாது, அடுத்த ஆடிக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டான். கடைக் கணக்கு எழுத வேறு ஆளை வைத்துவிட்டான். அந்தக் கம்ப்யூட்டரும் அவள் கையை விட்டுப் போனது.

அதே திங்கட்கிழமை வட்டத்தின் அஞ்சல்பெட்டியைத் திறந்தேன். மேலே, திறக்கப்படாத ஒரு கடிதம். அனுப்பியவர் பெயர் சுமதி. அம்மாவின் கடிதத்தில் இருந்த எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதியிருக்கிறாள். அதனால் நகல் எங்களுக்கும் வந்திருக்கிறது. படிக்காமல் அச்செடுத்தேன். எழுத்து உள்பக்கம் வரும்படி மடித்தேன்.

செவ்வாய்க்கிழமை சாரும் நானும் பஸ் ஏறிக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனோம். சரோஜா அம்மா கடையில் இருந்தார். அவர் கணவர் வெளியே போயிருந்தார். "வாங்க" என்று சொல்லி இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். நாங்கள் உட்காரவில்லை. இரண்டு பேருமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். சார் மன்னிப்புக் கேட்டார். நாற்பது வருடம் அடுத்தவர் பேச்சைக் கேட்காமல் காத்தேன், கடைசியில் இப்படி ஆகிவிட்டது என்றார்.

சரோஜா அம்மா என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சீங்களா தம்பி?"

"இல்லைங்கம்மா. யாரு கடுதாசியும் நான் படிக்கறதில்லைங்க."

"ஒரு வரி படிச்சிருந்தீங்கன்னா செவுத்துல குத்தியிருக்க மாட்டீங்களே."

மடித்த தாளை நீட்டினேன். உங்கள் பெண்ணிடமிருந்து வந்தது, இதையும் படிக்கவில்லை என்று சொன்னேன். அவர் கை நீட்டவில்லை.

"படிங்க" என்றார்.

நான் பழக்கத்தில் தெருப் பக்கம் பார்த்தேன்.

"மூஞ்சியத் திருப்பாதீங்க. படிங்க."

தாளைப் பிரித்தேன். அடுத்தவர் கடிதத்தை நான் சத்தம் போட்டுப் படித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, உன் கடிதம் கிடைத்தது. நீயே டைப் அடித்தாயா? நாலு தடவை படித்தேன். நீ சொன்னதெல்லாம் எடுத்துப் பாப்பாவின் ஸ்வெட்டருக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆடிக்கு வருகிறேன். திரும்பிப் போக மாட்டேன். நீ யாரிடமும் சொல்லாதே."

பக்கத்து வீட்டில் மிக்ஸியோ என்னவோ ஓடி நின்றது. சரோஜா அம்மா கல்லாப்பெட்டிமேல் கிடந்த ஃபால்ஸ் துணியை எடுத்து மடித்தார். எப்போது அனுப்பியது என்று கேட்டார். ஞாயிறு காலை ஏழே கால் என்று இருந்தது. ஏழு மணிக்கெல்லாம் நான் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தேன். ஏழே காலுக்குப் பலகைக்கு முன்னால் நின்றிருப்பேன். நேரத்தை மட்டும் சொன்னேன்.

"மேல ஒரு வரி உட்டுட்டீங்க. அதையும் படிங்க."

பலகையிலிருந்து அவர் எடுத்துப்போன தாளிலும் அதே வரி இருந்திருக்கும். ஐந்தாவது படித்தவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. யாரிடமிருந்து, யாருக்கு என்பதற்குக் கீழே இருந்ததைப் படித்தேன்.

"நகல், கணினி வட்டம், அஸ்தம்பட்டி."

அவர் தலையை ஆட்டினார். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வாரம் சார் அந்தப் பலகையைத் தானே கழற்றினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, கூடத்தைக் காலி செய்யும்வரை இருந்தது. சார் இரண்டு வருடத்தில் காலமாகிவிட்டார். சரோஜா அம்மா பிறகு வட்டத்துக்கு வரவில்லை. சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடை இருந்த இடத்தில் வேறு கடை இருந்தது. சுமதி எப்போதாவது வந்தாளா என்று பக்கத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூச்சம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வட்டத்தின் அஞ்சல்பெட்டியை நான் மூடவில்லை. கூடத்தைக் கொடுத்த பிறகும் தினமும் காலையில் வீட்டிலிருந்து திறந்து பார்க்கிறேன். விளம்பரங்கள்தான் வருகின்றன. ஒவ்வொன்றையும் திறந்து கடைசி வரிவரை படிக்கிறேன்.